தளராத நரம்பு

வயலில் டிராக்டரை நிறுத்திவிட்டு, பின்னால் பூட்டியிருக்கும் மெஷின் வைக்கோலை உருட்டி நூல் சுற்றி முடிப்பதற்குள், தமிழரசன் கைலியை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு இடது கால் முன்னெலும்பைக் கிளட்ச் மிதியின் ஓரத்தில் வைத்து மேலும் கீழுமாகத் தேய்க்க ஆரம்பித்துவிடுவான். கண் பாதி சொருகியிருக்கும். வாய் லேசாகத் திறந்திருக்கும். சந்நிதியில் நிற்கிறவர்கள்கூட இவ்வளவு உருகி நிற்பதில்லை. வைக்கோல் கட்டு தொப்பென்று தரையில் விழுந்ததும் கண்ணைத் திறந்து, கைலியை இறக்கிவிட்டு, கியரைப் போட்டுக் கிளம்புவான். பூதலூரைச் சுற்றி சம்பா அறுத்த வயல்களில் அவன் கட்டிப் போட்ட கட்டு ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு தேய்ப்பு உண்டு.

முப்பத்தொரு வயது. ஒல்லி. எதைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டான். கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷின், ஐஸ்க்ரீம் வண்டிக்காரர் வைத்திருக்கும் பெட்டி, கோயில் வாசலில் தானாக அடிக்கும் மின்சார மேளம், எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தாக வேண்டும். வைக்கோல் மெஷின் மக்கர் பண்ணினால் கம்பெனி ஆளுக்குப் போன் போடமாட்டான். அதன் அடியில் மல்லாந்து படுத்து, ஆளை விட்டு ஓட்டச் சொல்லிக் காதை வைத்துக் கேட்பான். "எங்கயோ உரசுது" என்பான். உலகத்தில் கோளாறு என்று ஒன்று இருந்தால் எங்கேயோ ஏதோ ஒன்று இன்னொன்றோடு உரசுகிறது என்பது அவன் கட்சி. எது எதோடு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாம்.

அவனுடைய சொந்த உடம்பு மட்டும் மூன்று வருஷமாக அவனுக்குப் பிடிகொடுக்கவில்லை.

நெல்லில் புரளுகிறவர்களுக்கு அரிப்பு புதிதல்ல. நெல் இலையிலும் உமியிலும் கண்ணுக்குத் தெரியாத பொடி ரோமம் போலச் சுணை இருக்கும். அறுவடை அன்றைக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அது ஏறிக்கொண்டால் உடம்பே பற்றி எரியும். வாய்க்காலில் இறங்கி ஒரு முழுக்குப் போட்டால் போய்விடும். அதனால் இந்தப் பக்கத்தில் யார் எங்கே சொறிந்தாலும் ஒரே பதில்தான்: "சொணைதான், குளிச்சா போயிரும்." சுணை என்றால் ரோஷம், சொரணை என்றும் ஒரு பொருள் உண்டு. ரோஷமில்லாதவனைச் சுணை கெட்டவன் என்று திட்டுவார்கள். தமிழரசனை அப்படித் திட்ட வழியே இல்லாமல் போயிற்று. மாசியில் ஏறிய சுணை ஆனியிலும் இறங்கவில்லை. வயலில் ஒரு நெல் தாள்கூட இல்லாத கோடையில், மின்விசிறிக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அரித்தது. சொறிந்து சொறிந்து முன்னங்கைகளிலும் முழங்காலுக்குக் கீழும் வேர்க்கடலைப் பருப்பு அளவில் கறுத்த மேடுகள் கிளம்பிவிட்டன.

மற்றவர்களாக இருந்தால் நொந்து போயிருப்பார்கள். இவன் ஆராய்ச்சியில் இறங்கினான். "ஊறுறது வேற, நமைக்கிறது வேற" என்று ஆரம்பித்தான் என்றால் எதிரில் இருப்பவர் எழுந்து போக முடியாது. எறும்பு நடப்பதுபோல மேலோட்டமாகப் போவது ஊறல், தட்டிவிட்டால் போய்விடும். கருணைக்கிழங்கு பட்டதுபோல ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்பது நமைச்சல். இரண்டும் இல்லாமல், தோலுக்கு அடியில் எங்கிருந்தோ கிளம்பி, விரல் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து இடத்துக்குத் தாவிவிடுகிறதே, அதுதான் அசல் அரிப்பு. அதைத் துரத்திப் பிடிக்கப் பல் உடைந்த சீப்பு ஒன்றும் ஸ்பானர் ஒன்றும் எப்போதும் சீட்டுக்கு அடியில் கிடக்கும். வெந்நீரை ஊற்றினால் அந்த நேரத்துக்குச் சுகம், பிறகு இரட்டிப்பாக வரும் என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தான். இத்தனையையும் அவன் ஆசை ஆசையாகச் சொல்வான். காலையில் அம்மா மங்களாம்பிகை அலசிப் போடுகிற படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டுகள் இருப்பதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டான்.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. இது கரப்பான் படை என்று அவளாகவே முடிவு கட்டி, கத்தரிக்காய், இறால், கருவாடு மூன்றையும் வீட்டை விட்டுத் துரத்தினாள். கருவாட்டுப் பிரிவைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டு பச்சைப் பேய் மாதிரி கொல்லையில் உட்கார்ந்திருந்தான். மெடிக்கல் ஷாப் யூனுஸ், அரிப்புக்கு எல்லாருக்கும் கொடுக்கிற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டியவன் கண் அசந்து டிராக்டரை வரப்பில் ஏற்றிவிட்டான். அவன் தூங்கினான், அரிப்பு தூங்கவில்லை. இதற்கு மேல் நானாக ஒன்றும் கொடுக்கமாட்டேன், தோல் டாக்டரிடம் காட்டு என்று யூனுஸ் கையை விரித்துவிட்டார். தோல் டாக்டரிடம் போனால் தோல் வியாதிக்காரன் என்று ஊரில் பெயர் ஆகுமே என்று அவன் நாளைக் கடத்திக்கொண்டிருந்தான்.

இந்த லட்சணத்தில்தான் அவனுக்குக் கல்யாணம் கூடியது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால் சொசைட்டிக்கு வைக்கோல் லோடு இறக்கப் போனான். அங்கே கேனிலிருந்து பாலை எடுத்து ஒரு பெட்டியில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், அந்தப் பெட்டி எப்படிக் கொழுப்பைக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டான். வேறு யாராவது என்றால் வேலையைப் பாருங்கள் என்றிருப்பார்கள். அவளோ அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பால் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஈஸ்வரி என்று பெயர். சொசைட்டிச் செயலாளர் அவளுடைய அப்பா. அதற்குப் பிறகு அந்த ஊர் மாடுகள் கொஞ்சம் அதிகமாகவே பூதலூர் வைக்கோலைத் தின்றன. தாய்மாமன் பக்கிரி போய்ப் பேசினார். பெண் பார்த்து, பூ வைத்து, வைகாசியில் முகூர்த்தம் என்று முடிவாயிற்று. இரண்டு தடவையும் தமிழரசன் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்தபடி உட்கார்ந்திருந்தான். ரொம்ப அடக்கமான பையன் என்று பெண் வீட்டில் சொல்லிக்கொண்டார்களாம்.

கல்யாணத்துக்குப் பிறகும் சட்டையைக் கழற்றாமல் காலம் தள்ள முடியாது என்பது பூ வைத்துவிட்டு வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஈஸ்வரியை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பக்கிரி மாமாவைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூரில் தோல் மருத்துவர் பூர்ணிமாவிடம் போனான்.

பூர்ணிமா அவனுடைய கைகளைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். முதுகின் நடுவில் மட்டும் ஒரு மேடுகூட இல்லாமல் தோல் வழவழவென்று இருந்தது.

"இந்த எடம் மட்டும் ஏன் நல்லாருக்கு தெரியுமா? உங்க கை அங்க எட்டல" என்றார்.

தமிழரசனுக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. மூன்று வருஷமாக அவன் தேடிக்கொண்டிருந்த பேச்சு இதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தான், பூர்ணிமாவும் சலிக்காமல் சொன்னார். தோலில் காவலுக்கென்றே சில செல்கள் இருக்கின்றன. கிருமியோ வேறெதுவோ வந்தால் அவை கூடி வந்து சில பொருள்களைச் சுரக்கும். அவற்றில் சில, தோலில் வந்து முடிகிற உணர்வு நரம்பின் நுனியில் நேராகவே போய் ஒட்டி அதைத் தட்டி எழுப்பும். நரம்பு அரிக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். கை போகும், சொறியும். சொறிந்தால் நரம்பு சும்மா இருக்குமா? அதன் நுனியும் தன் பங்குக்கு ஒரு பொருளைக் கொட்டும். அதைக் கண்டு இன்னும் நாலு காவல் செல்கள் ஓடி வரும். அவை வந்து மறுபடி நரம்பைச் சீண்டும். நாளாக ஆக நரம்பு எவ்வளவு தொட்டாற்சிணுங்கி ஆகிவிடும் என்றால், சட்டைத் துணி பட்டாலே போதும். யூனுஸ் கொடுத்த மாத்திரை மறிப்பது ஒரு வழியை. இவன் உடம்பில் அரிப்பு பெரும்பாலும் வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப இதுவும் இதுவும் உரசுது" என்று தமிழரசன் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டினான். பூர்ணிமா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இதைச் சுணைதான் ஆரம்பித்துவைத்ததா என்று கேட்டான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இதில் யாருக்கும் இன்னும் தெரியாதது நிறைய இருக்கிறது என்றார் அவர்.

"பழைய டிராக்டர் மாதிரி மேடம். கெளம்பத்தான் சாவி வேணும். கெளம்பிட்டா சாவிய உருவிக்கிட்டுப் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். நிப்பாட்டணும்னா வேற கம்பிய இழுக்கணும்."

இங்கே இரண்டு மூன்று கம்பிகளை இழுக்க வேண்டியிருக்கும் என்றார் பூர்ணிமா. காவல் செல்களை அடக்கப் பூச்சு மருந்து, வாரா வாரம் தோலில் ஒளி காட்டும் சிகிச்சை, நரம்பைச் சாந்தப்படுத்தப் படுக்கும்போது ஒரு மாத்திரை. மாதக் கணக்கில் ஆகும், அடங்கினாலும் திரும்பி வரக்கூடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். இத்தனை நேரம் வாயே திறக்காமல் இருந்த பக்கிரி மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். இது மற்றவர்களுக்கு ஒட்டுமா? ஒட்டவே ஒட்டாது என்றார் டாக்டர். மாமாவின் முகம் மலர்ந்தது.

வினை அந்த மலர்ச்சியில்தான் இருந்தது. பக்கிரி மாமா நல்ல மனுஷர். மருமகனுக்குத் தொத்து வியாதி என்று எவனும் நாக்கில் பல் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே டீக்கடைக்குப் போய் மாத்திரை அட்டையை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

"எம் மாப்ளைக்குத் தோல்ல ஒண்ணுமே கெடயாதாம். எல்லாம் நரம்புலதான் கோளாறாம். நரம்பு மாத்திர குடுத்துருக்காங்க, பாருங்க."

சொன்னவருக்குத் தலைக்கு மேல் சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் நோட்டீஸ் கண்ணில் படவில்லை. தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை வரை எந்த பஸ் நிலையத்தில் ஒதுங்கினாலும் அந்த நோட்டீஸைப் படித்துக்கொண்டேதான் ஒதுங்க வேண்டும். 'நரம்புத் தளர்ச்சியா?' என்று கொட்டை எழுத்தில் கேட்டிருக்கும். கீழே, வைத்தியர் எந்தக் கிழமை எந்த லாட்ஜில் தங்குகிறார் என்றிருக்கும். ஆண்மைக் குறைவுக்கு நாடு வைத்திருக்கிற மரியாதையான பெயர் அது. வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிற பையனுக்கு நரம்பில் கோளாறு என்று அவனுடைய சொந்தத் தாய்மாமனே சொன்னால், கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஐயோ பாவம் என்று டீயை மட்டும் குடித்தார்கள்.

வைக்கோல் லோடு போகிற பாதையிலேயே சேதியும் போய்ச் சேர்ந்தது. ஈஸ்வரியின் அப்பா போன் செய்தார். அதுவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டவர், தம்பி என்று இறங்கியிருந்தார். முகூர்த்தத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று பார்க்கிறோம் என்றார். ஏன் என்று தமிழரசன் கேட்டதற்கு, உங்கள் உடம்பை முதலில் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன ஏது என்று புரியாமல் விழித்தவனுக்கு யூனுஸ்தான் தலையைச் சொறிந்துகொண்டே, ஊரில் ஓடுகிற பேச்சைச் சொன்னார்.

தமிழரசனுக்குக் கோபத்தை விடத் திகைப்புதான் அதிகமாக இருந்தது. கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம். வெற்றிலையில் கிள்ளிப் போடுவதையும் நரம்பு என்கிறோம். வீணையில் கட்டுவதும் நரம்பு. இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஊர் எப்படித்தான் காரியம் நடத்துகிறது என்று அரை நாள் யோசித்தான். பிறகுதான் பயம் பிடித்தது. எனக்கு அது இல்லை என்று மாமனாராகப் போகிறவரிடம் ஒரு ஆண்பிள்ளை எந்த வாயால் போய்ச் சொல்வது? சொல்லாமல் விட்டால் ஈஸ்வரி கிடைக்கமாட்டாள். நானே போய்ப் பேசிச் சரிசெய்துவிடுகிறேன் என்று பக்கிரி மாமா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "நீங்க பேசுனது போதும் மாமா, கூட மட்டும் வாங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவன் கையைப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு மாறினார். தமிழரசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஈஸ்வரியின் அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அளந்துதான் பேசுவார், அன்றைக்கு அளவு இன்னும் குறைந்திருந்தது. அவளுடைய அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். ஈஸ்வரி உள்ளறைக் கதவை ஒட்டி நின்றிருந்தாள். தமிழரசன் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் மல்லாத்தியும் கவிழ்த்தும் வைத்துக் காட்டினான். பெண் பார்க்க வந்தபோது இதை மறைத்தது தன் தப்பு என்றான். யாருக்கும் ஒட்டாது என்றான். பெரியவர் பார்த்தார். அவருடைய கேள்வி அது இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்ல… நரம்புன்னு பேசிக்கிட்டாங்க" என்றார்.

"நரம்புதான் மாமா. ஆனா தளரலீங்க. ரொம்பச் சுறுசுறுப்பா இருக்கு. அதான் வியாதியே."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டது. பக்கிரி மாமாவுக்குப் புரையேறிற்று. பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். பெரியவர் சுற்றாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். தமிழரசனுக்குக் காது மடல் கொதித்தது. ஆனாலும் பிடித்த பிடியை விடாமல், காவல் செல்லும் நரம்பு நுனியும் ஒன்றையொன்று எப்படிச் சீண்டிக்கொள்கின்றன என்று முதலிலிருந்து சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். பெரியவர் பாதியில் குறுக்கிட்டு, இது முழுசாகக் குணமாகிவிடுமா என்று கேட்டார்.

ஆகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பக்கிரி மாமா கண்ணால் ஜாடை காட்டினார்.

"கொறையும்னு டாக்டர் சொன்னாங்க. திரும்ப வரவும் செய்யலாமாம். முழுசா போயிரும்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதுங்க."

பெரியவர் தலையை மெதுவாக ஆட்டினார். யோசித்துச் சொல்கிறோம் தம்பி என்றார். சம்பந்தம் பேசிய வீட்டில் அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று தெரியாதவர்கள் காவிரிக் கரையில் யாரும் இல்லை. பக்கிரி மாமா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். தமிழரசன் எழுந்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் இடது முன்னங்கையில் அது கிளம்பியது. வலது கை அவனைக் கேட்காமலே புறப்பட்டுவிட்டது. பாதி வழியில் அதைப் பிடித்து நிறுத்தினான். அது அந்தரத்தில் நின்றது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷத்தில் அவன் அந்த ஒரு நிமிஷம் வெட்கப்பட்டதுபோல என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை.

"இப்ப அரிக்குதா?" என்று ஈஸ்வரி கேட்டாள்.

சொறியாதே என்று ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். அரிக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவன் தலையை ஆட்டினான். எங்கே என்று கேட்டாள், காட்டினான். அவள் உள்ளே போனாள். ஃப்ரிட்ஜ் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஐஸ் தண்ணீர் நிறைந்து வெளிப்பக்கம் வேர்த்து வழிகிற எவர்சில்வர் டம்ளரோடு வந்தாள். அவன் வாங்கிக் குடிக்கக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்து, டம்ளரை அவன் காட்டிய இடத்தில், கறுத்த மேட்டின் மேலேயே வைத்து அழுத்தினாள்.

"ஈஸ்வரி" என்றார் அப்பா. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப?"

"கொறையுது."

"எவ்ளோ நேரம் நிக்கும்?"

"தெரியல. இப்படிச் செஞ்சு பாத்ததில்ல."

"பாப்போம்" என்றாள். டம்ளரை எடுத்துவிட்டு அந்த இடத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு, கை ஆடாமல் இருக்க அவனுடைய மணிக்கட்டைத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டு, டம்ளரை ஒரு விரற்கடை தள்ளிப் பக்கத்து மேட்டின் மேல் வைத்தாள்.